காதுக் கம்பமும் அக்காவின் முட்டியும்

என் அத்தானுக்குக் கோபம் வராது. அவருக்கு வரவேண்டியதையும் சேர்த்து நானே பட்டுத் தொலைக்கிறேன். அதனால்தான் இந்தக் கதையை அவர் சொல்லாமல் நான் சொல்கிறேன்.

அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வருகிறவர்களின் கண் முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா, முன்னாடி வச்சது தெளிவா இருந்துச்சா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பார். எந்தப் பதில் சொன்னாலும் "நல்லது" என்பார். அப்படிப்பட்ட மனிதர் கார் வாங்கினால் யாருக்கும் தொந்தரவில்லாத காராகத்தானே வாங்குவார்? வாங்கினார். பிளக்-இன் ஹைபிரிட். வீட்டில் செருகிச் சார்ஜ் போட்டால் மின்சாரத்தில் ஓடும், மின்சாரம் தீர்ந்தால் உள்ளே இருக்கும் பெட்ரோல் என்ஜின் கைகொடுக்கும். அத்தான் அந்த என்ஜினுக்கு வேலையே வைக்கவில்லை. ஏழு மாதம் தினமும் சார்ஜ் போட்டே ஓட்டினார். வாங்கிய அன்று ஊற்றிய பெட்ரோல் தொட்டிக்குள் அப்படியே கிடந்தது.

"ஒரு சொட்டு எரிக்கல மச்சான்" என்று வாரத்துக்கு ஒருமுறை போன் போட்டுச் சொல்வார். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவன். என்னிடம் இருப்பவை நான்கு கிழட்டுப் பெட்ரோல் கார்கள். ஒன்றைக் கிளப்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஆனாலும் அவர் பெருமையைப் பொறுத்துக்கொண்டேன். அக்கா புருஷனாயிற்றே.

அக்கா மூன்றாம் வகுப்பு டீச்சர். பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்து இடது முட்டியை உடைத்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை செய்து கம்பி வைத்தார்கள். கட்டைப் பிரித்த அன்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"ஆறு வாரத்துக்குள்ள முட்டி தொண்ணூறு டிகிரி மடங்கணும். வாரம் மூணு நாள் பயிற்சிக்கு வந்தா மடங்கிடும். விட்டுட்டீங்கன்னா இறுகிப் போயிடும். அப்புறம் மறுபடி மயக்க மருந்து, மறுபடி ஆபரேஷன். அப்பவும் மடங்கும்னு நான் உறுதி குடுக்க மாட்டேன்."

தொண்ணூறு டிகிரி என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நீங்களும் நானும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோமே, அவ்வளவுதான். அன்றைக்கு அளந்தபோது அக்காவுக்கு முப்பத்தைந்து.

பயிற்சி தரும் இடம் பெரிய மருத்துவமனைக்குள் இருந்தது. மருத்துவமனையோ நிசப்த வலயத்துக்குள் இருந்தது. சனி பிடித்தது அங்கேதான்.

நிசப்த வலயம் என்பது மருத்துவமனையைச் சுற்றியுள்ள ஒன்றரை கிலோமீட்டர். அதற்கென்று தனி அலுவலகம், தனி இயக்குநர், தனிச் சீருடை. உள்ளே மின்சாரத்தில் ஓடும் வண்டிகள் மட்டும் போகலாம், அதற்கும் அனுமதி அட்டை வேண்டும். தெரு நெடுகக் கம்பங்கள், ஒவ்வொன்றின் உச்சியிலும் வட்டமாக ஒரு மைக். ஜனங்கள் அதைக் காதுக் கம்பம் என்பார்கள். எங்காவது என்ஜின் உறுமினாலோ ஹாரன் அடித்தாலோ கம்பம் அதைக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்ததும் சங்கு ஊதும். தீயணைப்பு நிலையத்தில் ஊதுகிற அதே சங்கு. அமைதி கெட்டுவிட்டது என்பதை நான்கு தெருவுக்குக் கேட்கும்படி அறிவித்துவிட்டுத்தான் ஓயும்.

மூன்றாவது பயிற்சிக்குப் போன நாள் காலை. அத்தான் ஓட்டினார், அக்கா பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டிருந்தாள், நான் முன்சீட்டில், தொழில் பழக்கத்தில், என் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன். பேட்டரி நிறைந்திருந்தது. ஐந்தாவது கம்பத்துக்கு நேரே வந்தபோது, யாரும் கேட்காமல், யாரும் எதையும் தொடாமல், என்ஜின் தானாகக் கிளம்பியது. சின்ன சத்தம்தான். அடுத்த நொடி சங்கு அலறியது. அதைக் கேட்டு விசில் ஊதிக்கொண்டே காவலர் ஓடிவந்தார். வந்தவர் கண்ணாடிக்குள் தலையை விட்டு, ரகசியம் பேசுகிற குரலில், "சத்தம் போடாதீங்க" என்றார். அத்தான் பணிவாக அனுமதி அட்டையை எடுத்துக் கொடுத்தார். அதோடு அது போனது.

மறுநாள் அத்தானும் நானும் அலுவலகத்துக்குப் போனோம். அலுவலகம் வலயத்துக்கு வெளியே இருக்கிறது. ஏன் என்று உள்ளே போனதும் தெரிந்தது. ஒலிபெருக்கியில் டோக்கன் எண்களைக் கத்திக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு மேஜைகளில் பன்னிரண்டு பேர் ரப்பர் ஸ்டாம்பை ஓங்கி ஓங்கிக் குத்திக்கொண்டிருந்தார்கள். சுவரில் "அமைதியே ஆரோக்கியம்" என்று எழுதியிருந்தது. எழுத்து எவ்வளவு பெரிதென்றால், படிக்கும்போதே காது அடைத்தது.

விளக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். மூன்று பிரதி. முதல் கட்டம்: "என்ஜினை இயக்கியவர் பெயர்." அத்தான் வெகுநேரம் யோசித்து முதல் பிரதியில் "யாருமில்லை" என்று எழுதினார்.

விசாரணை அதிகாரி அதைக் கையை முழுக்க நீட்டி, தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"இந்தப் பேர்ல யாருக்கும் நாங்க அனுமதி அட்டை குடுக்கலையே சார்."

"பேர் இல்லீங்க. யாரும் இயக்கல. அதுவாவே கிளம்பிடுச்சு."

"அதுவா கிளம்பினா அதுதானே கையெழுத்துப் போடணும்? நீங்க ஏன் போட்டிருக்கீங்க?"

அத்தான் பையிலிருந்து காரின் கையேட்டை எடுத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அடையாளம் வைத்திருந்தார். அதிகாரி அதையும் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து முகத்தைச் சுளித்தார். அத்தானுக்குத் தொழில் புத்தி போகுமா? "சார், உங்களுக்குப் படிக்கிற கண்ணாடியில ஒண்ணரை பவர் கூட்டணும்" என்றார் பரிவாக.

"என் கண்ணு இந்த விசாரணைக்குள்ள வராது" என்றார் அதிகாரி.

நான் கையேட்டை வாங்கி உரக்கப் படித்தேன். பெட்ரோல் பல மாதம் தொட்டியில் கிடந்தால் கெட்டுப்போகும். அப்படி ஆகாமல் இருக்க, நெடுநாள் பெட்ரோல் செலவாகாவிட்டால் கார் தானே என்ஜினைக் கிளப்பிக் கொஞ்சம் எரித்துக்கொள்ளும். இதுதான் விஷயம்.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்போ, நீங்க அடிக்கடி பெட்ரோல் எரிச்சிருந்தா இது நடந்திருக்காது?"

"ஆமாங்க" என்றார் அத்தான்.

"ஏழு மாசமா எரிக்கவே இல்ல?"

"ஒரு சொட்டு எரிக்கலைங்க" என்றார் அத்தான். அந்த இடத்திலும் அவர் குரலில் பெருமை இருந்தது, பாவம்.

"கவனக்குறைவு" என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

நான் பொறுமையாகத்தான் பேசினேன். "சார், ரொம்பச் சுலபம். வலயத்துக்கு வெளியில ஒரு மணிநேரம் என்ஜினை ஓட விட்டு அந்தப் பழைய பெட்ரோலைத் தீர்த்துட்டோம்னா, அப்புறம் பல மாசத்துக்கு அது வாயே திறக்காது."

"அதாவது, நிசப்த வலயத்துக்குள்ள வர்றதுக்காக வெளியில சத்தம் போடணும்னு சொல்றீங்க. உங்க பேரு? தனியா பதிவு பண்ணிக்கிறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஸ்டாம்பை எடுத்து அவர் நெற்றியில் குத்தியிருப்பேன். அத்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "நல்லதுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு வெளியே கூட்டிவந்தார்.

விசாரணை முடியும்வரை அந்தக் காரை வலயத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. வாடகைக் கார்களுக்கு வலயத்துக்குள் அனுமதி இல்லை. என் கார்களைப் பற்றிப் பேச்சே வேண்டாம். வலயத்து வாசலிலிருந்து மருத்துவமனை வேன் ஒன்று ஓடும், ஆனால் அது கார் இல்லாதவர்களுக்கு மட்டும். அத்தான் பெயரில் கார் இருக்கிறதே! காரை விற்றுவிட்டு வருகிறோம் என்றோம். விசாரணையில் உள்ள வாகனத்தை விற்க முடியாதாம். சரி, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகிறோம் என்று அதையும் கொண்டுபோய் நிறுத்தினோம். காவலர் குனிந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். அது லேசாகக் கிறீச்சிட்டது. கிறீச்சிடாது என்று சான்றிதழ் வாங்கவேண்டும், இருபது வேலைநாள் ஆகும் என்று காதோடு காதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அழுதாள். விழுந்த அன்றுகூட அவள் அழுததை நான் பார்க்கவில்லை.

"முப்பத்தஞ்சுலேர்ந்து நாப்பத்தி ரெண்டு வந்துச்சுடா. அந்த ஏழு டிகிரிக்கு நான் பட்ட வலி எனக்குத்தான் தெரியும். இப்ப அது இறுகுறது எனக்கே தெரியுது."

வீட்டிலேயே பயிற்சி கொடுத்துப் பார்த்தோம். அத்தான் முட்டியை மடக்கிய லட்சணம், விருந்தாளியை இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொல்வது போலிருந்தது. அக்கா "ஸ்" என்றாலே கையை எடுத்துவிடுவார். நான் அழுத்தினால் அவள் என்னை அடித்தாள்.

இரண்டாவது வாரம் ஒரு கடிதம் வந்தது. உண்மையை அறியக் காரை ஏழு நாள் அவதானிப்பில் வைக்கவேண்டும், கொண்டுவந்து ஒப்படைக்கவும். ஒப்படைத்தோம். அலுவலக முற்றத்தில் நிறுத்தி, மூன்று ஊழியர்களை முறைவைத்து உள்ளே உட்காரச் செய்தார்கள். அவர்களின் வேலை, என்ஜின் தானாகக் கிளம்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது. நல்ல குளிர்காலம். சும்மா உட்கார்ந்தால் விறைக்காதா? ஹீட்டரை உச்சத்தில் வைத்துக்கொண்டார்கள். சார்ஜ் போடவேண்டும் என்று உத்தரவில் எழுதியிருக்கவில்லை, ஆகவே போடவில்லை. பேட்டரி தீர்ந்தது. பேட்டரி தீர்ந்தால் அந்தக் கார் என்ன செய்யும்? என்ஜினைக் கிளப்பித்தான் ஹீட்டரை ஓட்டும். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் மூவரில் ஒருவர் விழித்துக்கொண்டு நேரத்தைக் குறித்தார்.

அறிக்கை வந்தது: "ஏழு நாளில் வாகனம் நாற்பத்தாறு முறை தன்னிச்சையாக இயங்கியது. அவதானிப்பில் இருப்பது தெரிந்தும் அது தன் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை."

திரும்ப வாங்கப் போனபோது சீட்டுகள் மல்லாந்து கிடந்தன. தரை முழுக்கக் கடலைத் தோல். ஒரு தலையணையையும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பெட்ரோல் தொட்டி காலி.

"சார், பழைய பெட்ரோல் மொத்தமும் தீர்ந்துபோச்சு. இனிமே அது தானா கிளம்புறதுக்குக் காரணமே இல்ல" என்றேன் அதிகாரியிடம்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "காரணம் இருக்கும்போதே நாப்பத்தாறு தடவை. காரணமே இல்லாம கிளம்ப ஆரம்பிச்சா, யோசிச்சுப் பாருங்க."

மூன்றாவது வாரம் இயக்குநர் முன்னிலையில் இறுதி விசாரணை. பெரிய மண்டபம். அக்காவும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். இரண்டு நாற்காலி போட்டு, ஒன்றில் அவளையும் இன்னொன்றில் அவள் காலையும் வைத்தோம். இயக்குநர் கையில் மைக்கோடு எழுந்தார். கேட்டவர்கள் மொத்தம் ஒன்பது பேர்.

"அமைதி!" என்று ஆரம்பித்தார். யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. "அமைதின்னா என்ன? இந்தத் துறைக்கு நான் வந்தப்போ இந்த வலயத்துல ஆறே ஆறு கம்பம். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை சங்கு ஊதினாலே பெரிய விஷயம். இன்னிக்கு முந்நூறு கம்பம்! நாள் ஒண்ணுக்கு நாப்பது தடவை ஊதுது! இந்த அளவு அமைதிக்காக உழைக்கிற துறை வேற எங்கயாவது உண்டா? மருத்துவமனையிலேர்ந்து புகார் வருது, நோயாளிங்க தூங்க முடியலேன்னு. நான் சொன்னேன், தூக்கம் மருத்துவத் துறை சம்பந்தப்பட்டது. நம்ம பொறுப்பு அமைதி மட்டும்தான்!"

நாற்பது நிமிடம் பேசினார். கடைசியில் அக்காவின் கால் கண்ணில் பட்டது.

"இந்தம்மா ஏன் மரியாதை இல்லாம காலை நீட்டி உக்காந்திருக்காங்க?"

"மடங்காது சார்" என்றாள் அக்கா. "அதுக்குத்தான் வந்திருக்கோம்."

இயக்குநர் மனமிரங்கிவிட்டார். அங்கேயே உத்தரவு போட்டார்: "மனிதாபிமான அடிப்படையில், மேற்படி வாகனம் இயங்கா நிலையில் மட்டும் வலயத்தினுள் சென்றுவர அனுமதிக்கப்படுகிறது."

வெளியே வந்ததும் அத்தான் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "குடுத்துட்டாங்க மச்சான்! நல்ல மனுஷன்!"

"இயங்காத கார் எப்படி அத்தான் போகும்?"

அத்தான் உத்தரவை எடுத்து மறுபடி படித்தார்.

அக்காதான் வழி சொன்னாள். "தள்ளுங்க" என்றாள். "அனுமதி இருக்குல்ல? தள்ளுங்க."

அடுத்த திங்கட்கிழமை காலை என்னிடம் கார் கற்கும் ஐந்து பேரை வரச்சொன்னேன். ஒரு தையல்காரர், ஒரு தபால்காரர், சமையல் வேலை செய்யும் அண்ணன் தம்பி இருவர், நான்கு முறை தேர்வில் தோற்ற ஒரு பல் டாக்டர். பல் டாக்டருக்கு ஓட்டத்தான் வராது, தள்ளுவதில் மனிதர் சூரர். வலயத்து வாசலில் காரை நிறுத்தி, என்ஜினும் மோட்டாரும் கிளம்பாதபடி வைத்து, கியரை விடுவித்தேன். அக்கா ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, இடது காலைப் பக்கத்துச் சீட்டுப் பக்கமாக நீட்டி, வலது காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டாள். காவலர் உத்தரவை இரண்டு முறை படித்துவிட்டுத் தடுப்பை உயர்த்தினார். நாங்கள் ஏழு பேரும் தோளைக் கொடுத்தோம்.

ஒன்றரை கிலோமீட்டர், பாதிக்கு மேல் ஏற்றம். மூச்சு வாங்கும் சத்தம் கம்பத்துக்குக் கேட்டுவிடுமோ என்று அத்தான் வாயைக் கையால் பொத்திக்கொண்டு தள்ளினார். தையல்காரர் கெட்ட வார்த்தைகளைச் சத்தமில்லாமல் உதட்டசைவிலேயே சொல்லிக்கொண்டு வந்தார். அதே ஐந்தாவது கம்பத்துக்கு வந்தபோது எல்லாருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. நின்று இரண்டு மூச்சு விட்டோம்.

அப்போதுதான் பின்னால் ஹாரன் அடித்தது.

சாதாரண ஹாரன் இல்லை. ஒருமுறை அடித்து, பதில் இல்லாததால் விடாமல் அழுத்திப் பிடித்த ஹாரன். திரும்பிப் பார்த்தோம். துறை வண்டிக்கு விதிவிலக்கு என்று முத்திரை ஒட்டிய பெரிய கருப்புக் கார். ஓட்டுநர் இடத்தில் இயக்குநரே உட்கார்ந்திருந்தார். மருத்துவமனையில் மௌன வாரத் தொடக்க விழாவாம், பேச நேரமாகிவிட்டதாம்.

கம்பத்துக்கு முத்திரையா தெரியும்? ஊதியது பாருங்கள் சங்கு! அதைக் கேட்டு அடுத்த கம்பம், அதற்கடுத்தது, மருத்துவமனை வரைக்கும் வரிசையாக. ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. கட்டுப் போட்ட தலைகள் எட்டிப் பார்த்தன. காவலர் விசிலோடு ஓடிவந்து, யார் கார் என்று பார்த்ததும் விசிலை விழுங்கிவிடுவார் போல நின்றார்.

அக்கா கதவைத் திறந்து இறங்கினாள். ஊன்றுகோலோடு, ஒரு காலை விறைப்பாக வீசி வீசி நடந்து, கருப்புக் கார் பக்கம் போனாள். விளக்கப் படிவம் மூன்று பிரதி கொடுத்தார்களே, அதில் அத்தான் எழுதாமல் கொண்டுவந்த இரண்டும் அவள் பையில் இருந்தன. கண்ணாடியைத் தட்டினாள். அது இறங்கியது.

"யார் சார் ஹாரன் அடிச்சது?"

அத்தனை ஜன்னல்களையும் இயக்குநர் ஒருமுறை பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நான் அடிக்கல" என்றார். "அது... தானா அடிச்சிருச்சு."

"அப்படியா சார்? இருக்கும், இருக்கும். கார்னா அப்படித்தான்" என்றாள் அக்கா, மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் பேசும் குரலில். "எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

சங்கு ஓயவில்லை. ஒரு நோயாளி போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இயக்குநர் ஸ்டியரிங்மேல் படிவத்தை வைத்து எழுதினார்: இயக்கியவர் யாருமில்லை, தானாக ஒலித்தது. கையெழுத்து, தேதி, பதவி முத்திரை எல்லாம். அக்கா அதை நிதானமாகப் படித்து, மடித்து, பைக்குள் வைத்தாள். பிறகு எங்களிடம் வந்து, "ம், தள்ளுங்க" என்றாள்.

அன்றைக்கு அளந்தபோது முட்டி முப்பத்தெட்டு. ஏறிய ஏழில் நான்கு இறங்கிவிட்டது.

சாயங்காலம் விசாரணை அதிகாரி வீட்டுக்கே வந்தார். யாரும் கேட்காமலேயே அனுமதி அட்டையைக் கொண்டுவந்திருந்தார். அத்தானின் கார் எப்போது வேண்டுமானாலும் வலயத்துக்குள் ஓடலாம், தானாக நடந்ததற்கு யாரையும் பொறுப்பாக்குவது மனிதத்தன்மை இல்லை என்று துறை இன்று மதியம்தான் கண்டுபிடித்திருக்கிறது என்றார். மூன்று வாரமாக வராத ஞானோதயம் மூன்று மணிநேரத்தில் வந்துவிட்டது.

"அப்புறம்... அந்தப் படிவத்தைத் திருப்பிக் குடுத்துட்டீங்கன்னா..." என்று இழுத்தார்.

"தர்றேன் சார். முட்டி தொண்ணூறு மடங்கட்டும், அன்னிக்கே தர்றேன்" என்றாள் அக்கா. "வாரம் மூணு நாள் போகணும். கம்பம் எங்களைப் பார்த்து ஊதாம இருக்கணும்."

அத்தான் அவரைச் சும்மா அனுப்பவில்லை. படிக்கிற கண்ணாடி ஒன்று போட்டுக் கொடுத்து அனுப்பினார். என்ன ஜென்மமோ!

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அலுவலகத்திலிருந்து போன் வருகிறது. "அம்மா, இந்த வாரம் எவ்வளவு டிகிரி?" என்று அதிகாரி பணிவாகக் கேட்கிறார். ஐம்பது, அறுபத்தொன்று, எழுபத்து மூன்று என்று எழுதிக்கொள்கிறார். இதற்கென்று தனிக் கோப்பே திறந்திருக்கிறார்களாம். இயக்குநர் தினமும் பார்க்கிறாராம். மருத்துவமனை வேனில் அக்காவுக்கு இடம், வாசலில் அவளுக்கென்று எண்ணெய் போட்ட சக்கர நாற்காலி, எல்லாம் தயார். டாக்டர் கெடுவை இரண்டு வாரம் நீட்டிக் கொடுத்தார். மறுபடி ஆபரேஷன் வேண்டியிருக்காது என்றும் சொல்லிவிட்டார்.

நேற்று அளந்தார்கள். தொண்ணூற்று நான்கு. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜை முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு காலையும் மடக்கி, எல்லாரையும் போல உட்கார்ந்து சாப்பிட்டாள் அக்கா. அத்தான் பார்த்துக்கொண்டே நின்றார், அவர் கண் கலங்கியிருந்தது.

சாப்பிட்டு முடிக்கும்போது போன் அடித்தது. வெள்ளிக்கிழமை.

"எண்பத்தாறு சார்" என்றாள் அக்கா.